ராகுகாலம் அண்ணாச்சியின் மறுகிணறு

தென் தமிழ்நாட்டில் பாதிப் பேர் எத்தனை மணிக்குப் பெண் பார்க்கக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்குப் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும், எத்தனை மணிக்கு ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் ஒரே ஓர் ஆள்தான். அவர் சோதிடர் இல்லை, சாமியாரும் இல்லை. சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில், மின்விசிறிக் காற்று எட்டாத ஒரு மூலையில், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்த புரூப் ரீடர்.

தினசரிக் காலண்டரில் நீங்கள் கிழிக்கிற ஒவ்வொரு தாளிலும் தேதி, கிழமை, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் என்று ஒரு கூட்டமே குடியிருக்கும். முந்நூற்று அறுபத்தைந்து தாளிலும் அவை சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. அதனால் அவருக்கு ராகுகாலம் என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நான் அங்கே கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற பெண். வயது இருபது. கோபம் மட்டும் நாற்பது வயதுக்காரிக்கு உரியது என்று என் அம்மா சொல்வார்.

ஊருக்கெல்லாம் ராகு காலம் பார்த்துக் கொடுத்தவர், தன் சொந்த வேலை அத்தனையையும் ராகு காலத்தில்தான் வைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை பத்தரை மணி அடித்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு முடிவெட்டப் போவார். மின்வாரிய அலுவலகம், பேங்கு, பல் டாக்டர், எல்லாமே அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பயமா இல்லையா அண்ணாச்சி?"

"எதுக்குப் பயம்? ராகு காலத்துல போனாத்தான் தாயி கூட்டம் இருக்காது. ரேஷன் கடையில எடை போடுதவன் ஒராளு, நான் ஒராளு. நிம்மதியா சீனி வாங்கியாரலாம். இம்புட்டு வசதிய ஊருக்குப் பண்ணிக் குடுத்துட்டு, நான் அனுபவிக்காம இருப்பனா?"

இன்னொரு குணம் சிவப்புப் பேனா. அவர் கையெழுத்துப் போட்ட எந்தத் தாளிலும் குறைந்தது ஒரு சிவப்புக் கோடாவது இருக்கும். பிழையே இல்லாத தாள் ஒன்று உலகத்தில் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போகிறவர்கள் அவரிடம் கடைசியாகத்தான் போவார்கள். முதலில் போனால் திருத்தி, ஓரத்தில் குறிப்பெழுதி, "திருப்பி அச்சடிச்சுக் கொண்டாங்க" என்று கையில் கொடுத்துவிடுவார். ஒரு மிஷின்மேனின் அக்கா கல்யாணப் பத்திரிகையில் கிழமையும் தேதியும் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்து, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஒருநாள் முன்னதாகவே பஸ் ஏறி வந்து நிற்காமல் காப்பாற்றினார். அந்தக் குடும்பம் நன்றி சொல்லவில்லை. மூன்று மாதம் அவரோடு பேசவும் இல்லை.

இப்படிப்பட்ட மனிதர் எப்படிக் கதை எழுத வந்தார் என்றால், அதற்குக் காரணம் இருமல்.

தினசரிக் காலண்டர்த் தாளின் பின்பக்கம் காலியாகக் கிடக்கும். விருதுநகரில் கொத்தமல்லி விதை மொத்த வியாபாரம் செய்கிற ஒரு முதலாளி எங்களிடம் வருடா வருடம் காலண்டர் அடிப்பார். காரியாபட்டி, மல்லாங்கிணறு, வெம்பக்கோட்டை என்று சுற்றிலும் உள்ள பலசரக்குக் கடைகளுக்கெல்லாம் அதைத்தான் கொடுப்பார். "பின்பக்கம் வெறும வெள்ளையாக் கெடக்கே, எதையாச்சும் போடுங்க" என்று அவர் கேட்க, எங்கள் முதலாளி அந்த வேலையை ராகுகாலத்தின் தலையில் கட்டினார். இவர் கைவைத்தியக் குறிப்பு எழுதினார். மார்ச் மாதத்தோடு அவருக்குத் தெரிந்த நோய்கள் தீர்ந்துபோயின. மிச்ச ஒன்பது மாதத்துக்கும் இருமலையே மாற்றி மாற்றி எழுதினார். வறட்டு இருமல், ஈர இருமல், மழைக்கால இருமல், பயண இருமல்.

"உங்க காலண்டரப் பாத்தா எங்க ஊரே இருமிக்கிட்டுத் திரியுதுன்னு நெனைப்பாக" என்று மல்லிக்கடைக்காரர் வந்து வருத்தப்பட்டார்.

அதற்கு அடுத்த காலண்டர் இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்துக்கானது. ராகுகாலம் ஒரு கோடு போட்ட நோட்டோடு என் மேசைக்கு வந்து, "இதை அடி தாயி" என்றார். அதில் குறிப்பு இல்லை. கதை இருந்தது.

தேனு என்று ஒரு பெண், வயது பதினாலு. காணாமல் போன ஆட்டைத் தேடி ஒரு வறண்ட கிணற்றில் இறங்குகிறாள். அடியில் கால் வைத்துவிட்டு நிமிர்ந்தால், வேறொரு கிணற்றின் மேட்டில் நிற்கிறாள். அந்த நாட்டுக்கு மறுகிணறு என்று பெயர். எங்கே பார்த்தாலும் தண்ணீர். நெருப்பை மட்டும் அங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆளுகிறவன் நமுத்துராசா. அவன் தொட்டதெல்லாம் நமுத்துப்போகும். அப்பளம் நமுக்கும், விறகு நமுக்கும், ஆட்களின் தைரியமும் நமுத்துப்போகும். தேனுவின் பாவாடை மடிப்பில் ஒரு தீப்பெட்டி, அதில் பன்னிரண்டு குச்சிகள். துணைக்கு ஒத்தக்கொம்பன் என்கிற அந்த ஆடு. மறுகிணற்றில் அதற்குப் பேச்சு வந்துவிடுகிறது. ஆனால் குறை சொல்ல மட்டுமே வாயைத் திறக்கும்.

சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நமுத்துராசாவை விடப் பெரிய வில்லன் தேவையே இல்லை. ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்து வெடி நமுத்துப்போனால் வீட்டில் அடுப்பு என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள். ஒரு நாளைக்கு ஒரு தாள், ஒரு தாளுக்கு எட்டு வரி. எட்டாவது வரியில் தேனு ஏதாவது ஆபத்தில் தொங்கிக்கொண்டிருப்பாள்.

அடுத்த நாள் என்ன ஆகும் என்று பார்க்கவும் முடியாது. நாளைய தாளை இன்றைக்குக் கிழித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எல்லா வீட்டிலும் அடி விழும். பிள்ளைகள் கொண்டை ஊசியை விட்டுத் தாளைக் கிழிக்காமல் அடியிலிருந்து தூக்கிப் பார்த்தார்கள். ஜனவரி பாதியிலேயே வீட்டுக்கு வீடு காலண்டர்கள் வயிறு உப்பித் தொங்கின. காலண்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கடைக்குப் போய்ப் படித்தார்கள். மல்லிக்கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

"கடைக்குப் போன்னா கால் வலிக்குதும்பாக. இப்ப 'நான் போறேன்மா, நான் போறேன்மா'ன்னு ஓடுதுக. அம்புட்டும் உங்க கதைக்குத்தான் அண்ணாச்சி!"

டிசம்பர் முப்பத்தொன்றில் தேனு கடைசிக் குச்சியை உரசினாள். நமுத்துராசா ஆவியாகிப் போனான். அவள் வீடு திரும்பிக் கிணற்றைப் பலகை போட்டு மூடினாள். டைப் அடித்த அன்று நான் கீபோர்டு மேலேயே அழுதேன். எங்கள் முதலாளி வந்து, "ஏத்தா, கீபோர்டு நமுத்துரும்" என்றார்.

அடுத்த வருடக் காலண்டரில் கதை இல்லை. கிணற்றை மூடியாயிற்று என்று சொல்லிவிட்டு ராகுகாலம் சமையல் குறிப்புப் போட்டார். ஊர் கொதித்துப்போனது. 'காலண்டர் பின்பக்கம் எழுதுபவர், சிவகாசி' என்ற முகவரிக்குக் கார்டு கார்டாக வந்தது. மல்லாங்கிணற்றிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி பச்சை மையில் எழுதினாள். "ஐயா, இன்றைய தாளில் கத்தரிக்காய் வதக்குவது எப்படி என்று போட்டிருக்கிறீர்கள். அது என் அம்மாவுக்குத் தெரியும். தேனு எங்கே?" நான் எழுத நினைத்ததையெல்லாம் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். மல்லிக்கடைக்காரரும் நேரில் வந்து, அடுத்த காலண்டரில் மறுகிணறு இல்லையென்றால் ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ராகுகாலம் ஒரு வாரம் யோசித்துவிட்டு நோட்டோடு வந்தார். நான் ஆசையாக வாங்கிப் படித்தேன். முதல் நாள் தாளில் வண்டு என்று ஒரு பையன், சொர்ணம் என்று ஒரு பெண். யார் இவர்கள்?

"தேனு எங்க அண்ணாச்சி?"

"தேனுக்கு இப்ப என்ன வயசு?"

"பதினாலு."

"அது ரெண்டு வருசத்துக்கு முன்னால. தேதி கிழிச்சாச்சில்ல? நாம கிழிக்கிற தேதி அவளுக்கும் சேத்துத்தான் போகுது. இப்ப பதினாறு. பதினொண்ணாப்புப் படிக்கிற பிள்ளைய ஆட்டுக்குப் பின்னால கெணத்துல எறங்கச் சொல்லுதியா?"

"கதையில எல்லாமா வயசாகும்?"

"காலண்டர்ல வர்ற கதையில ஆகும்."

இதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. தேனு வருவாள், ஆனால் தொடக்கத்தில் மட்டும். கிணற்றுப் பலகையை விலக்கி, புதுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கயிற்றில் இறக்கிவிட்டு, மேலே நின்றுகொள்வாள். கடைசி ஐந்து நாள் திரும்ப வந்து, அவர்களைத் தூக்கிவிடுவாள். நடுவில் வருடம் முழுக்க வண்டுவும் சொர்ணமும்தான். வண்டு எதைக் கண்டாலும் பயப்படுவான். அவனையாவது பொறுத்துக்கொள்ளலாம். சொர்ணம் எதைக் கண்டாலும் கோபப்பட்டாள். கோபம் வந்தால் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிடுவாள். உதட்டைச் சுழித்துக்கொண்டு, மூச்சு விடாமல் பேசி, இந்தத் தடவை மறுகிணற்றை ஆளுகிற நமுத்துராசாவின் தம்பியையே வாயடைக்கச் செய்தாள்.

"இந்தச் சொர்ணத்தைப் படிக்கிறவுக யாருக்குமே பிடிக்காது அண்ணாச்சி. இப்படி ஒரு சிடுமூஞ்சி எங்கயாச்சும் இருப்பாளா? எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிக்கிறா!"

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பாத்ததத்தான தாயி எழுத முடியும்" என்றார். பிளேட் போடுகிற செக்‌ஷனில் யாரோ சிரித்தார்கள்.

எனக்கு அது உறைக்க இரண்டு நாள் ஆனது. மத்தியானம் கோபத்தில் என் சாப்பாட்டு டப்பாவை மூடுகிறபோதுதான் உறைத்தது. அச்சகம் முழுக்க முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு மாதத்தில் ஒருநாள்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

காலண்டர்த் தாள் எப்படித் தயாராகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பெரிய தாளில் முப்பது நாள் அடங்கும். பன்னிரண்டு பெரிய தாள் அடித்தால் முந்நூற்று அறுபது நாள். மிச்சம் ஐந்து நாளுக்கு ஒரு துண்டுத் தாளைத் தனியாக அடிப்பார்கள். எங்கள் அச்சகத்தில் பின்பக்கத்தை முதலில் அடித்துவிடுவார்கள். அடித்ததைப் பழுப்புத் தாளில் சுற்றிப் பன்னிரண்டு அடுக்காக வைத்துவிட்டு, பிறகுதான் ஒன்று, இரண்டு என்று வரிசைப்படி எடுத்து முன்பக்கத் தேதிகளை அடிப்பார்கள். ராகுகாலத்தின் கதையும் அதற்குத் தகுந்தாற்போல் முப்பது நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று பன்னிரண்டு அத்தியாயம், அப்புறம் கடைசி ஐந்து நாள்.

சுற்றி வைத்த அடுக்குகளில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர்ச் சீட்டு ஒட்ட அன்றைக்கு என்னை அனுப்பினார்கள். நான் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த அடுக்கில் ஒன்று என்று ஒட்டினேன். அப்படியே உள்ளே போய்க் கடைசியில் பன்னிரண்டு ஒட்டினேன். பழுப்புத் தாளைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்திருக்க வேண்டும். அந்தச் சொர்ணத்தின் மூஞ்சியில் முழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை, பார்க்கவில்லை. முதலில் அடித்தது உள்ளே இருக்கும், கடைசியில் அடித்தது வாசலில் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

தேதி அடித்தார்கள், வெட்டினார்கள், அட்டையில் சேர்த்து அடித்தார்கள். ராகுகாலம் சாம்பிள் காலண்டரை மூன்று நாள் வைத்துப் பார்த்தார். முன்பக்கத்தை மட்டும்தான். தான் எழுதியதை இரண்டாம் தடவை படித்தால் கூச்சமாக இருக்கிறது என்பார். ஏப்ரலில் ஒரு நல்ல நேரத்தைச் சுழித்துச் சிவப்புக் கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.

லோடு கட்டி முடித்த செவ்வாய்க்கிழமை காலையில்தான் நான் ஒரு காலண்டரை எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஜனவரி ஒன்று. 'நமுத்துராசாவின் தம்பி கதறிக்கொண்டு ஓடினான்' என்று இருந்தது. வருடக் கடைசியில் ஓட வேண்டியவன். பிப்ரவரியைப் புரட்டினேன். பதினோராம் அத்தியாயம்.  வருடம் முழுக்கக் கதை தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் அத்தியாயம் முதலில், முதல் அத்தியாயம் கடைசியில்.

அவர் மேசைக்கு ஓடினேன். ஒரு மாதக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, நம்பர் நான்தான் ஒட்டினேன். மாத்தி ஒட்டிட்டேன். மொத்த லோடும் போச்சு."

அவர் இரண்டு தாளைப் புரட்டிப் பார்த்தார். "டீ வந்துருச்சா?" என்று கேட்டார். அதற்குள் பைண்டிங் செக்‌ஷனில் யாரோ கண்டுபிடித்து, முதலாளிக்குச் சேதி போய்விட்டது. இரண்டு பேரையும் கூப்பிட்டார். காலண்டரைத் தூக்கிக் காட்டினார்.

"என்ன அண்ணாச்சி இது? மத்தியானம் மல்லிக்கடைக்காரர் லோடு எடுக்க வர்றாரு. திருப்பி அடிக்கப் பேப்பரும் இல்ல, நாளும் இல்ல. யாரு பாத்த வேலை இது? எந்த நாய் பாத்திருந்தாலும் இன்னைக்கே வீட்டுக்குப் போகணும்."

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் ராகுகாலம் பேசிவிட்டார்.

"நாந்தான் மொதலாளி அப்படி வைக்கச் சொன்னேன். இந்த வருசக் கதை கடேசியில இருந்துதான் ஆரம்பிக்கும். புது மாதிரி."

"புது மாதிரியா?"

"ஆமா."

முதலாளி காலண்டரை மேசையில் போட்டார். "மல்லிக்கடைக்காரர் ஏத்துக்கிட்டா சரி. ஏத்துக்கலேன்னா லோடு எடைக்குப் போகும், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். இருபது வருடமாக அவர் உட்கார்ந்த மூலை. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு புரூப் ரீடரை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்?  வெளியே வந்ததும் கேட்டேன்.

"பொய்தான அண்ணாச்சி?"

"இப்போதைக்குப் பொய்தான். உண்மையாகுதான்னு வாசிச்சுப் பாத்துருவோம்" என்று ஒரு காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஜனவரி ஒன்றிலிருந்து புரட்டினார். கையில் சிவப்புப் பேனா. நான் எதிரில் நின்றேன். ஜனவரி முப்பதில் ஒரு நிமிடம் நின்றார். அது பன்னிரண்டாம் அத்தியாயத்தின் கடைசித் தாள். வேலையெல்லாம் முடிந்து வண்டுவும் சொர்ணமும் கிணற்றின் அடியில் வந்து நின்று, மேலே பார்த்து, "கயித்தை இழுங்க!" என்று கத்துகிறார்கள். பதில் அடுத்த தாளில் வர வேண்டும். அடுத்த தாளிலோ கதை பின்னால் போய், அவர்கள் அந்தக் கிணற்றைத் தேடி அலைகிற அத்தியாயம் தொடங்கிவிட்டது. மாதம் மாதமாகப் பின்னால் போனது. இவர்கள் ஏன் அங்கே வந்தார்கள், யாரோடு சண்டை போட்டார்கள், சொர்ணத்துக்கு அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டே போனது.

டிசம்பருக்கு வந்தபோது மணி ஒன்று தாண்டிவிட்டது. டிசம்பர் இருபத்தாறு, முதல் அத்தியாயத்தின் கடைசித் தாள். தேனு பலகையை விலக்கிப் பிள்ளைகளை இறக்குகிறாள். "கூப்பிட்டா இழுப்பேன். அதுவரைக்கும் கயித்தை விட மாட்டேன்" என்கிறாள். இருபத்தேழிலிருந்து அந்தத் துண்டுத் தாள். அதற்கு நான் நம்பர் ஒட்டவில்லை, அதனால் அது சரியான இடத்திலேயே இருந்தது. ஜனவரி முப்பதில் போட்ட சத்தம் தேனுவுக்கு அப்போதுதான் கேட்கிறது. அவள் இழுக்கிறாள்.

ராகுகாலம் சிரித்தார். நான் அதுவரை அவர் பல்லைப் பார்த்ததில்லை.

"நான் எழுதினத விட நீ ஒட்டினது நல்லாருக்கு தாயி" என்றார்.

மல்லிக்கடைக்காரர் மூன்று மணிக்கு வந்தார். எங்கள் முதலாளி வேர்த்து ஒழுக நின்றுகொண்டிருந்தார். ராகுகாலம் வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, காலண்டரைக் கையில் கொடுத்து, "சனவரி முப்பது மட்டும் வாசிங்க" என்றார். அவர் கண்ணாடியை மாட்டி, உதடு அசைய வாசித்தார்.

"சரி, பிள்ளைக கத்துதுக. மேல கயித்த யாரு பிடிச்சிருக்கா?"

"அது டிசம்பர்லதான் தெரியும்."

"டிசம்பர்லயா! அம்புட்டு நாளு அந்தப் பிள்ளைக கெணத்துக்குள்ளயா கெடக்கும்? இப்பச் சொல்லும்யா."

"மாட்டேன்."

"தேனுதான?"

"சொல்ல மாட்டேன்."

மல்லிக்கடைக்காரரின் கை மெதுவாக டிசம்பர்ப் பக்கம் போனது. ராகுகாலம் அந்தக் கையைப் பிடித்துவிட்டார்.

"நாளைத் தாள இன்னைக்குப் பொரட்டலாமா மொதலாளி? யாவாரத்துக்கு ஆகுமா?"

அவர் சூடுபட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார்.  "நானே டிசம்பர் வரைக்கும் காத்துக் கெடக்கணும்னா, ஊருக்காரன் எவன் இந்தக் காலண்டரத் தூக்கிப் போடப் போறான்? லோட ஏத்துங்க" என்றார். எழுந்தவர் வாசலில் திரும்பிக் கேட்டார். "ராகு காலம் ஒண்ணும் இல்லையே? பேச்சு மும்முரத்துல மணியப் பாக்கல."

செவ்வாய்க்கிழமை, மணி மூன்றே கால். செவ்வாய்க்கு ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை வரை. முந்நூற்று அறுபத்தைந்து தாளிலும் அதைச் சரிபார்த்த மனிதர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்.

"நல்ல நேரம் மொதலாளி. உடனே ஏத்துங்க."

அந்த வருடம் மறுகிணற்றுக்கு வந்த கார்டுகளை வைக்க ஓர் அட்டைப் பெட்டி போதவில்லை. மதுரையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், 'பின்னோக்கு உத்தி' என்று பாராட்டி நாலு பக்கம் எழுதினார். முதலாளி அதைச் சட்டம் போட்டு மாட்டினார். யார் வந்தாலும், "நாங்கதான் யோசிச்சு அப்படிப் பண்ணினோம்" என்று காட்டுவார். மல்லாங்கிணற்றுப் பெண் பிப்ரவரியில் பச்சை மையில் எழுதினாள். "கயிற்றைப் பிடித்திருப்பது தேனு இல்லையென்றால் இனி உங்கள் காலண்டரைப் பார்க்கவே மாட்டேன்." ஜூலையில், "சொர்ணம் பரவாயில்லை" என்று ஒரு வரி. எனக்கு அதில் வந்த சந்தோஷத்தை வெளியே சொல்லவில்லை. புதுவருடம் பிறந்த வாரத்தில் கடைசிக் கார்டு வந்தது. "தேனு கயிற்றை விடவே இல்லை. நன்றி ஐயா."

அதற்கு இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டேன். பத்திரிகையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு அவரிடம் கடைசியாகத்தான் போனேன். எதிரிலேயே பிரித்துப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார். மண்டபத்துக்கு வழி சொன்னதில் ஒன்று, முகூர்த்த நேரத்தில் ஒன்று, என் மாமனார் ஊரில் ஒன்று, மொத்தம் மூன்று கோடு. "கல்யாணம் நல்லபடியா நடக்கும் தாயி, ஆனா ஆளுக வேற மண்டபத்துக்குப் போயிருவாக" என்றார்.

பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொதியை எடுத்து என் கையில் வைத்தார். கதை தலைகீழாகப் போன அந்த வருடத் தாள் முந்நூற்று அறுபத்தைந்தையும் சணல் நூலில் தைத்து, காலண்டர் அட்டையையே மேலட்டையாகப் போட்டிருந்தார். தான் எழுதிய வரிசையில் தைக்கவில்லை. நான் ஒட்டிய வரிசையில் தைத்திருந்தார். பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். ஏதாவது ஓர் இடத்தில் சிவப்பு இருக்கும் என்று தேடிக்கொண்டே போனேன். ஓரிடத்திலும் இல்லை. டிசம்பர் முப்பத்தொன்றின் அடியில் மட்டும் சிவப்பில் ஒரு வரி இருந்தது. 'பார்த்தேன். வரிசை சரி. பிழை இல்லை.' கீழே, வருகைப் பதிவேட்டில் இருந்த அந்தப் பெயரில் கையெழுத்து.

அந்த மனிதர் எனக்காக முதலாளியிடமும் மல்லிக்கடைக்காரரிடமும் சொன்ன இரண்டு பொய்யும் நினைவுக்கு வந்து, திருத்தங்கல் தாண்டுகிற வரை அழுதுகொண்டே போனேன். பொதி இன்றும் என் பீரோவில் இருக்கிறது. எப்போதாவது எடுத்துப் படிப்பேன். ராகு காலத்தில்தான் எடுப்பேன். அப்போதுதான் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், அவரோடு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம்.